9-ஆம் நாள் எடை 2.705: பால் பத்தலையா, குழந்தை சரியாக் குடிக்கலையா?

செவ்வந்தி_27

முதல் பிரசவம், சிசேரியன், 38 வாரம் முடிஞ்சு பெண் குழந்தை. இன்னைக்கு 9-ஆம் நாள். அம்மா வீட்ல இருக்கேன். நோட்ல எழுதி வெச்சிருக்கிறதை அப்படியே போடறேன்.

எடை: பிறந்தப்போ 2.960 கிலோ. 3-ஆம் நாள், டிஸ்சார்ஜ் அன்னைக்கு 2.720. இன்னைக்குக் காலைல ஆரம்ப சுகாதார நிலையத்துல 2.705.

பால் குடுக்கிறது: 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு பக்கம் 10 நிமிஷம், மறுபக்கம் 10 நிமிஷம். ராத்திரி 11 மணிக்குக் குடிச்சா 4 மணி வரைக்கும் தூங்கிடுறா, எழுப்பறதில்ல. சாயங்காலம் 6-ல இருந்து 10 வரைக்கும் அழுகை. மார்ல போட்டா அஞ்சு நிமிஷத்துல கண்ணை மூடிடுவா, கீழ போட்டா மறுபடி ஆரம்பிச்சிடுவா.

4-ஆம் நாள் மார்பு கொஞ்சம் கனத்துச்சு, அப்புறம் லேசாயிடுச்சு. நேத்து கைப் பம்ப் வாங்கி எடுத்துப் பார்த்தேன், ரெண்டு பக்கமும் சேர்த்து 20 மில்லி கூட வரல. காம்பு எரிச்சல் வேற. வீட்ல "புள்ள பசியில அழுவுது, பவுடர் பாலைக் குடு"ன்னு ஒரே பேச்சு.

கேள்வி ரெண்டுதான். நிஜமாவே பால் பத்தலையா, இல்ல எனக்கு அப்படித் தோணுதா? பவுடர் பால் ஆரம்பிச்சா இருக்கிற பாலும் வத்திடுமா?


அடுப்பங்கரை

கவலைப்படாதீங்க தங்கச்சி. மார்பு லேசா இருந்தா பால் இல்லைன்னு அர்த்தம் கிடையாது. பம்ப்ல வர்ற அளவும் குழந்தை குடிக்கிற அளவும் ஒண்ணு இல்ல. பிறந்த குழந்தைக்கு எடை குறையறது சகஜம். பூண்டை நெய்ல வதக்கிக் குழம்பு வைங்க, முருங்கைக்கீரை, பால் சுறா புட்டு, ராத்திரி வெந்தயக் கஞ்சி. பிள்ளை பெத்த உடம்புக்குத் தண்ணி ஆகாதுன்னு சொன்னா கேட்காதீங்க, தாகத்துக்குக் குடிங்க. பத்து நாள்ல பால் தானா ஊறும்.


வார்டு_அக்கா

மேல சொன்னதுல பாதி சரி. மார்பு லேசா இருக்கிறது, பம்ப்ல கொஞ்சமா வர்றது, சாயங்கால அழுகை, இந்த மூணையும் வெச்சு பால் பத்தலைன்னு முடிவு கட்ட முடியாது. எடையையும் ஒண்ணுக்குப் போறதையும் வெச்சுத்தான் கட்ட முடியும். உங்க நோட்டுல எடை நல்லா இல்ல. அதனால "பத்து நாள் பாருங்க"ன்னு நான் சொல்ல மாட்டேன்.

கணக்கு இது. முதல் மூணு நாலு நாள்ல பிறந்த எடைல 7 சதவீதம் வரைக்கும் குறையறது சாதாரணம். 10 தொட்டா டாக்டர் பார்த்தே ஆகணும். 3-ஆம் நாள் உங்க பொண்ணுக்கு 240 கிராம் குறைஞ்சிருக்கு, அதாவது 8 சதவீதம். சிசேரியன்ல அம்மாவுக்கு ஏத்தற குளுக்கோஸ், சலைன்ல கொஞ்சம் குழந்தைக்கும் போய், பிறந்த எடை கூடக் காட்டும். முதல் நாள்லயே அது மூத்திரமாப் போயிடும். அதனால அந்த 8-ஐ மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டியதில்ல.

பயப்பட வேண்டியது அதுக்கப்புறம் வர்ற நம்பருக்கு. 4, 5-ஆம் நாள்ல எடை திரும்பணும். அப்புறம் ஒரு நாளைக்கு 20-ல இருந்து 30 கிராம் ஏறணும். 10-ல இருந்து 14 நாளுக்குள்ள பிறந்த எடைக்கு வந்திடணும். இந்தக் கணக்குப்படி இன்னைக்கு 2.840 பக்கமாவது இருக்கணும். இருக்கிறது 2.705.

அதுலயும் எனக்குச் சந்தேகம். சுகாதார நிலையத்துல சட்டை, டயப்பர் போட்டபடியே நிறுத்தாங்களா? பருத்திச் சட்டையும் நனைஞ்ச டயப்பரும் சேர்ந்தா சர்வசாதாரணமா 60, 70 கிராம் வரும். ஆஸ்பத்திரித் தராசும் இந்தத் தராசும் வேற வேற. அங்கன்வாடில தொங்கவிட்டு நிறுக்கிற தராசா இருந்தா அதுல ஒரு கோடு 100 கிராம், பச்சைக்குழந்தைக்கு அது உதவாது. இன்னைக்கே டிஜிட்டல் தராசுல, ஒட்டுத்துணி இல்லாம நிறுத்துச் சொல்லுங்க.

கூடவே இதுக்கெல்லாம் பதில் வேணும்.

24 மணி நேரத்துல எத்தனை தடவை ஒண்ணுக்கு, எத்தனை தடவை வெளிக்கு? 5-ஆம் நாளுக்கு மேல ஒண்ணுக்கு 6 தடவையாவது, வெளிக்கு மஞ்சளா 3, 4 தடவை போகணும். டயப்பர்ல எண்ண முடியாது. ஒரு நாள் முழுக்கத் துணி கட்டி எண்ணுங்க. துணில செங்கல்பொடி மாதிரிக் கறை படுதா? முதல் மூணு நாள் அது இருக்கலாம். இப்போ இருந்தா உள்ள போறது பத்தல.

பால் குடிச்சு விட்டதும் காம்பு எப்படி இருக்கு? உருண்டையா வெளிய வருதா, இல்ல புது லிப்ஸ்டிக் நுனி மாதிரி ஒரு பக்கம் சாஞ்சு தட்டையா வருதா?

முழுங்கற சத்தம் கேட்குதா?

பாலைத் தவிர வேற ஏதாவது வாயில போகுதா? சர்க்கரைத் தண்ணி, தேன், கிரைப் வாட்டர், வசம்பு, கழுதைப்பால், எதா இருந்தாலும் மறைக்காமச் சொல்லுங்க.

ஒரு விஷயம், பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. குழந்தை பாலுக்கு எழுப்பினாலும் எழாமத் துவண்டு கிடந்தா, 8 மணி நேரமா ஒண்ணுக்கே போகலைன்னா, உச்சிக்குழி உள்ள அமுங்கியிருந்தா, மஞ்சள் உள்ளங்கை, உள்ளங்கால் வரைக்கும் இறங்கியிருந்தா, உடம்பு சுட்டாலோ சில்லுன்னு இருந்தாலோ, போனை வெச்சிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. பால் பத்தாத குழந்தை அழுதுட்டே இருக்கும்னு நினைக்கறோம். ரொம்பப் பத்தாமப் போன குழந்தை அழாது, தூங்கும். ராத்திரி 5 மணி நேரத் தூக்கம்னு எழுதியிருக்கீங்களே, அதான் எனக்கு உறுத்துது.


செவ்வந்தி_27

அக்கா, நீங்க சொன்ன மாதிரி சட்டை, டயப்பரோடதான் நிறுத்திருக்காங்க. குழந்தை டாக்டர்கிட்ட போய்த் துணியில்லாம நிறுத்தோம்: 2.650.

ஒண்ணுக்கு நேத்து மத்தியானத்துல இருந்து 4 தடவை. வெளிக்கு ஒரு தடவை, மஞ்சளும் பச்சையுமா. கறை இல்ல. காம்பு நீங்க சொன்ன அதே லிப்ஸ்டிக் மாதிரிதான், நுனில வெள்ளையா ஒரு கோடு. முழுங்கற சத்தம் முதல் ரெண்டு நிமிஷம் கேட்குது, அப்புறம் தாடை மட்டும் படபடன்னு ஆடுது. சர்க்கரைத் தண்ணி ஒரு நாளைக்கு ரெண்டு மூணு சங்கு போகுது. சாயங்காலம் கிரைப் வாட்டர்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். உப்புச் சத்து, மஞ்சள் ரெண்டும் பயப்படற அளவுல இல்லைன்னார். பால் குடுக்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நிறுத்தாங்க, 24 கிராம் கூடியிருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் தாய்ப்பாலுக்கு அப்புறம் 25 மில்லி சேர்த்துக் குடுங்க, 2 நாள் கழிச்சு எடை பார்க்க வாங்கன்னார். நாக்கு அடில ஒட்டியிருக்கிற நாக்குக் கட்டு இல்லையாம். குழந்தை மார்பைக் கவ்வுற பிடிப்பைச் சரி பண்ணுங்கன்னார், எப்படின்னு சொல்ல நேரமில்ல அவருக்கு.


வார்டு_அக்கா

இப்போ படம் தெளிவாயிடுச்சு. பிறந்த எடைல இருந்து 310 கிராம், பத்தரை சதவீதம். டாக்டரைப் பார்த்தது நல்ல காரியம்.

24 கிராம்னா கிட்டத்தட்ட 24 மில்லி. இந்த வயசுல கிலோவுக்கு 150 மில்லி கணக்கு, 2.650-க்கு ஒரு நாள் தேவை 400 மில்லி. 24 வீதம் 9 தடவைன்னா 216. பாக்கி 184, அதை 9-ஆல வகுத்தா 20 மில்லி. விட்ட எடையைப் பிடிக்கணும், அதுக்குத்தான் டாக்டர் 25-ன்னு சொல்லியிருக்கார். ஒரு தடவை நிறுத்ததை வெச்சு எல்லாத் தடவையும் 24-தான்னு சொல்ல முடியாது, காலைல கூடவும் சாயங்காலம் குறையவும் இருக்கும். ஆனா ஆரம்பிக்க இது போதும்.

உங்க ரெண்டாவது கேள்விக்குப் பதில்: பவுடர் பால் வந்ததால பால் வத்தாது. அது வந்த பிறகு மார்பைக் காலி பண்ணாம விட்டா வத்தும். பால் எவ்வளவு ஊறணும்னு மார்புக்குச் சொல்றது, எவ்வளவு வெளிய போச்சுங்கறதுதான். பால் தேங்கி நின்னா அதுவே "போதும், நிறுத்து"ன்னு உள்ள தகவல் குடுத்திடும். உங்க விஷயத்துல நடந்தது இதுதான்: 4-ஆம் நாள் பால் இறங்கியிருக்கு, பிடிப்புச் சரியில்லாததால குழந்தை அதை எடுக்கல, 10 நிமிஷத்துல நீங்க பக்கம் மாத்திட்டீங்க, ராத்திரி 5 மணி நேரம் இடைவெளி, பாதி வயித்தைச் சர்க்கரைத் தண்ணி அடைச்சிருக்கு. மார்பு உற்பத்தியைக் குறைச்சிக்கிச்சு. இதைத் திருப்ப முடியும், முதல் ரெண்டு மூணு வாரத்துக்குள்ள செஞ்சா சுலபமாத் திரும்பும்.

சர்க்கரைத் தண்ணியும் கிரைப் வாட்டரும் இந்த நிமிஷத்தோட நிறுத்துங்க. அதுல புரதமும் இல்ல, கொழுப்பும் இல்ல, தூங்க மட்டும் வைக்கும். தேனை ஒரு வயசு வரைக்கும் பக்கத்துலயே கொண்டு வராதீங்க.

பிடிப்பு. சிசேரியன் தையல்மேல கால் படாம இருக்க, குழந்தையை உங்க அக்குளுக்குக் கீழ, கால் உங்க முதுகுப் பக்கம் போற மாதிரி தலையணைமேல வைங்க. உங்க உள்ளங்கை அவ தோள்பட்டைக்கு நடுவுல, விரல் காதுக்குப் பின்னாடி. பின்னந்தலையை அழுத்தாதீங்க, அழுத்தினா தலையைப் பின்னுக்கு உதறுவா. அவ மூக்கு உங்க காம்புக்கு நேரா இருக்கணும், வாய் இல்ல. காம்பால மேலுதட்டை லேசாத் தடவுங்க. கொட்டாவி விடற அளவுக்கு வாய் திறக்கும், ஒரு நொடிதான் இருக்கும். அந்த நொடில மார்பை அவகிட்ட கொண்டு போகாம அவளை மார்புக்கு இழுங்க. கீழ்த்தாடை முதல்ல படணும், காம்புக்கு நல்லாக் கீழ. சரியாப் பிடிச்சா தாடை மார்புல புதைஞ்சிருக்கும், மூக்கு லேசாத் தள்ளி இருக்கும், கீழுதடு வெளிப்பக்கம் மடிஞ்சிருக்கும், கருவளையம் மேல் பக்கம் கொஞ்சம் தெரியும், கீழ் பக்கம் தெரியாது. கன்னம் குழி விழக்கூடாது. முதல் சில நொடி சுருக்குன்னு இருக்கலாம், அரை நிமிஷத்துக்கு மேல வலிச்சா தப்பு. சுண்டுவிரலை வாயோரமா விட்டு உறிஞ்சற பிடியை விடுவிச்சு எடுத்திட்டு மறுபடி ஆரம்பிங்க. பிடுங்கினா காம்பு புண்ணாயிடும்.

காம்பு தட்டையா இருந்து பிடிக்க முடியலைன்னா, 10 மில்லி சிரிஞ்சு வாங்கி ஊசி மாட்டற முனையை பிளேடால வெட்டுங்க. உள்ள இருக்கிற தள்ளுகோலை வெட்டின பக்கமா நுழைங்க. வழவழன்னு இருக்கிற மறுபக்கத்தைக் காம்புமேல வெச்சு, வலிக்காத அளவுக்கு இழுத்து அரை நிமிஷம் பிடிங்க. பால் குடுக்கறதுக்குச் சற்று முன்னாடி செய்யணும். வெட்டின பக்கம் உடம்புல படக்கூடாது, அதுக்குத்தான் தள்ளுகோலைத் திருப்பறது.

கடிகாரத்தை விடுங்க, தாடையைப் பாருங்க. உறிஞ்சும்போது தாடை நல்லா கீழ இறங்கி ஒரு கணம் நின்னு ஏறுச்சுன்னா வாய் நிறையப் பால். "க்ஹ"ன்னு மூச்சு விடற மாதிரி சத்தம் வரும், அதான் முழுங்கறது. படபடன்னு மட்டும் ஆடினா பால் போகல. அப்போ மார்பை நெஞ்சுப் பக்கமா உள்ளங்கையால அமுக்கிப் பிடிங்க, மறுபடி முழுங்க ஆரம்பிப்பா. நின்னதும் கையை எடுத்து வேற இடத்துல அமுக்குங்க. அதுக்கும் அசையலைன்னா பக்கம் மாத்துங்க. தூங்கினா உள்ளங்காலைத் தேய்ங்க, சட்டையைக் கழட்டி உங்க வெறும் நெஞ்சுல போடுங்க.

24 மணி நேரத்துல 8-க்குக் குறையாம, 10, 12 தடவை. ராத்திரி 3 மணி நேரத்துக்கு மேல விடாதீங்க. எடை ஏறுற வரைக்கும் தூங்கற குழந்தையை எழுப்பித்தான் ஆகணும். பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் ராத்திரிலதான் கூடுதலா இருக்கும், அந்த நேரத்தை விட்டா நஷ்டம்.

ஒவ்வொரு தடவையும் மார்புல அரை மணி, முக்கால் மணி. அப்புறம் 25 மில்லி. அது முதல்ல போன தடவை பீய்ச்சி எடுத்த உங்க பால், பத்தாததுக்கு மட்டும் பவுடர். பாட்டில் வேண்டாம், பாலாடை (சங்கு மாதிரி மூக்கு வெச்ச சின்னக் கிண்ணம்) போதும். பாலாடைல அளவுக்கோடு இருக்காது, 10 மில்லி சிரிஞ்சால அளந்து ஊத்துங்க. குழந்தையைச் சாய்வா உட்கார வெச்சு, பாலாடையோட மூக்கை அவ கீழுதட்டுமேல, வாயோரமா வைங்க. அவ நாக்கை நீட்டி இழுக்கணும். நீங்க கவுத்து ஊத்தினா புரையேறும். இதை அம்மாவோ வீட்டுக்காரரோ செய்யட்டும், அந்த 15 நிமிஷம் நீங்க பால் எடுங்க. மொத்தமும் ஒரு மணி நேரத்துல முடியணும். அதுக்கு மேல இழுத்தா உங்களுக்குத் தூக்கமே இருக்காது, மூணாவது நாள் எல்லாத்தையும் விட்டிடுவீங்க.


தாய்ப்பால்_தோழி

பால் எடுக்கிறதைப் பத்தி மட்டும் சொல்கிறேன். 20 மில்லி வந்ததற்குப் பம்பும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எந்தக் கைப் பம்ப்? மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கிற, பின்னால் ரப்பர் பல்பு வைத்த ஆட்டோ ஹாரன் மாதிரிப் பம்ப் என்றால் தூக்கிப் போடுங்கள். பல்புக்குள் பால் போய்த் தங்கும், கழுவ முடியாது, இழுக்கிற விசையும் கைக்கு அடங்காது. கைப்பிடி வைத்த பம்ப் என்றால் புனல் அளவைப் பாருங்கள். கடைப் பெட்டியில் பெரும்பாலும் 24 மில்லிமீட்டர் வரும். காம்பு குழாயின் நடுவில் உரசாமல் போய்வர வேண்டும். கருவளையமும் சேர்ந்து உள்ளே இழுபட்டால் புனல் பெரியது. காம்பு பக்கத்தில் உரசி வெளுத்தால் சின்னது. பழைய பம்பை இரவல் வாங்கியிருந்தால் உள்ளே இருக்கிற வெள்ளை வால்வைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். அதில் மயிரிழை கீறல் இருந்தாலே பாதி விசை போய்விடும்.

இந்த வாரத்துக்குக் கையே நல்லது. வெந்நீர்த் துணியை மூன்று நிமிடம் போடுங்கள், மார்பை விரல்நுனியால் வட்டமாகத் தடவுங்கள். கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் கீழே, காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி. முதலில் நெஞ்சுக்கூட்டை நோக்கி அழுத்துங்கள், அப்படியே இரண்டு விரலையும் சேர்த்துப் பிசையுங்கள், விடுங்கள். காம்பைக் கசக்கினால் வலிதான் மிஞ்சும். தோல்மேல் விரல் வழுக்கிப் போகக் கூடாது. முதல் ஒன்றிரண்டு நிமிடம் எதுவும் வராது, பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். சொட்டாக ஆரம்பித்துப் பிறகு பீறிடும். குறைந்ததும் விரலைக் கடிகாரமுள் மாதிரி சுற்றி வைத்து எடுங்கள். பக்கத்துக்கு ஐந்து நிமிடம், மாற்றி, மறுபடி மூன்று நிமிடம்.

குழந்தை குடித்து முடித்த பிறகு எடுத்தால் 5, 10 மில்லிதான் வரும். அது சரியான அளவு. மீதியைத் துடைத்தெடுப்பதுதான் மார்புக்குப் போகிற கட்டளை. சொட்டு நின்ற பிறகும் இரண்டு நிமிடம் தொடருங்கள்.

எடுத்த பாலை 25 டிகிரி அறையில் 4 மணி நேரம் வைக்கலாம். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத வீட்டில் அந்தக் கணக்கு செல்லாது, உடனே ஃப்ரிட்ஜில், கதவில் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். அங்கே 4 நாள் தாங்கும். சூடு பண்ண, கிண்ணத்து வெந்நீரில் நிறுத்தினால் போதும். அடுப்பிலும் மைக்ரோவேவிலும் வேண்டாம்.


மருந்துக்கடை_மாடி

மாத்திரை, லேகியம் பக்கம் யாரும் போகவில்லை. கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான், எனவே எழுதி வைக்கிறேன்.

டோம்பெரிடோன்: வாந்திக்கான மாத்திரை. புரோலாக்டினை ஏற்றுவதால் பாலுக்கும் எழுதுகிறார்கள். பாலைக் காலி செய்யாமல் இதை மட்டும் விழுங்கினால் பலன் இல்லை. இதயத்துடிப்பின் தாளத்தைக் குலைக்கிற ஆபத்து உண்டு, அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பாலுக்காக இதைப் பயன்படுத்துவது பற்றி 2004-இலேயே எச்சரித்தது. காம்புப் புண்ணைப் பூஞ்சை என்று நினைத்து ஃப்ளூகோனசோல் எழுதியிருந்தாலோ, நெஞ்சுச் சளிக்குக் கிளாரித்ரோமைசின் ஓடிக்கொண்டிருந்தாலோ சேர்த்துச் சாப்பிடவே கூடாது. டாக்டர் எழுதினால் மட்டும், அவர் சொன்ன நாள் வரை மட்டும். திடீரென்று நிறுத்தினால் படபடப்பு, தூக்கமின்மை வருகிறது, படிப்படியாகக் குறைப்பார்கள். மெட்டோகுளோபிரமைடு வேண்டாம் என்பேன். மனச்சோர்வைக் கிளப்பும், பிரசவமான உடம்பில் அது தேவையில்லாத வம்பு.

சதாவரித் தூள், அதாவது தண்ணீர்விட்டான் கிழங்கு: பால் கூடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் குறைவு. டப்பாவில் பெரும்பகுதி சர்க்கரை. சர்க்கரை நோய் இருப்பவர்கள் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். வெந்தயம் சமையல் அளவில் தொந்தரவில்லை. கரண்டி கரண்டியாகப் போனால் ரத்தச் சர்க்கரையை இறக்கும், வயிற்றைக் கலக்கும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக்கசிவு பயம்.

சுறா புட்டு பற்றி அடுப்பங்கரை கோபிக்க வேண்டாம். புரதம் நல்லதுதான். ஆனால் பெரிய சுறாவில் பாதரசம் சேரும், பாலூட்டும் பெண்கள் தவிர்க்க வேண்டிய மீன்களில் எஃப்.டி.ஏ. சுறாவையும் வைத்திருக்கிறது. மத்தி, நெத்திலி, முட்டை, பருப்பு அதே வேலையைச் செய்யும். பாலூட்டும் முதல் 6 மாதத்துக்கு வழக்கத்தைவிட ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாகத் தேவை. பத்தியம் என்று ரசஞ்சோறும் சுட்ட அப்பளமுமாக இருந்தால் அது எங்கிருந்து வரும்?

பாலைக் குறைக்கிற மருந்துகளும் உண்டு. மூக்கடைப்புக்கான சூடோஎபிட்ரின் ஒன்று. ஈஸ்ட்ரோஜென் சேர்ந்த கருத்தடை மாத்திரை இன்னொன்று. கேபர்கோலின் பாலை நிறுத்தவே கொடுப்பது, பழைய சீட்டை வைத்து யாராவது வாங்கிச் சாப்பிட்டால் அவ்வளவுதான்.

பவுடர் பால் கலக்குவதில் நடக்கிற தப்பு: டப்பா சீக்கிரம் தீர்கிறதே என்று நீர்க்கக் கலக்குவது. பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லி தண்ணீருக்குத் தலை தட்டின ஒரு ஸ்பூன், உங்கள் டப்பாவில் என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள். கொதித்த தண்ணீரை முதலில் அளந்து ஊற்றி, சூடு 70 டிகிரிக்குக் கீழே போவதற்குள் தூளைப் போட்டு, ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். தூளிலேயே கிருமி இருக்கலாம், அதற்குத்தான் அந்தச் சூடு. வாய் வைத்த மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள். பாலாடையை ஒவ்வொரு முறையும் கழுவிப் 10 நிமிடம் கொதிக்க வையுங்கள்.

1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் குழந்தைப் பால்பவுடருக்கு விளம்பரம் செய்யவோ தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கவோ கூடாது. யாராவது இலவச டப்பா நீட்டினால் அது தப்பு என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தாய்ப்பால் வங்கி பற்றியும் கேட்பார்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை மாதிரி இடங்களில் இருக்கிறது. ஆனால் அந்தப் பால் குறைமாதக் குழந்தைகளுக்கும் தீவிர சிகிச்சையில் இருக்கிறவர்களுக்கும்தான் முதலில் போகும். வீட்டில் இருக்கிற குழந்தைக்கு அதை நம்பி உட்கார முடியாது.


வார்டு_அக்கா

மருந்துக்கடைக்காரர் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். இவ்வளவும் ஒரு வாரம் ஒழுங்காச் செஞ்சும் பால் ஏறலைன்னா, கோளாறு பிடிப்புல இல்ல, உங்க உடம்புல தேடணும். தைராய்டு, ஹீமோகுளோபின் ரெண்டும் பார்க்கச் சொல்லுங்க. பிரசவத்துல ரத்தம் நிறையப் போச்சா? உதிரப்போக்கு இன்னும் கட்டி கட்டியா, நாத்தத்தோட இருக்கா? நஞ்சுக்கொடித் துண்டு உள்ள தங்கியிருந்தா பால் இறங்காது. நஞ்சு முழுசா வெளிய வந்து கர்ப்பத்தைத் தாங்கற புரோஜெஸ்டிரான் ஹார்மோன் இறங்கினாத்தான் பாலுக்கு வழி திறக்கும். சர்க்கரை நோய், பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி), மார்புல முன்னாடி நடந்த ஆபரேஷன் எதுவும் இருந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க. கர்ப்பத்துல மார்பு கொஞ்சங்கூடப் பெருசாகலைன்னா அதையும் சொல்லணும். சிலருக்குப் பால் சுரப்பித் திசுவே குறைவு. அவங்க எவ்வளவு முயற்சி பண்ணாலும் முழுசா வராது. அவங்களைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு"ன்னு சொல்றது கொடுமை. வர்றதைக் குடுத்து மிச்சத்துக்குப் பவுடர் பால், அவ்வளவுதான்.


செவ்வந்தி_27

13-ஆம் நாள் கணக்கு. துணியில்லாம 2.775. ஒண்ணுக்கு 7 தடவை, வெளிக்கு 4 தடவை, நல்ல மஞ்சள். காம்பு உருண்டையா வருது, வெள்ளைக் கோடு போயிடுச்சு. குடிச்சு முடிச்ச பிறகு கையால எடுத்தா முதல் நாள் 6 மில்லி, இப்போ 15. சர்க்கரைத் தண்ணி நின்னுடுச்சு. பவுடர் பால் ஒரு தடவைக்கு 10 மில்லிதான் போகுது, மிச்சம் என் பால். இதை எப்போ குறைக்கலாம்? ராத்திரி எடுக்கிறதை மட்டும் விடலாமா, முடியல.


வார்டு_அக்கா

4 நாள்ல 125 கிராம், நாளைக்கு 31. நல்லாவே ஏறுது. 14-ஆம் நாளுக்குள்ள பிறந்த எடை வராது, பரவால்ல. பாக்கி 185 கிராம், இதே வேகத்துல போனா 19-ஆம் நாள் தொட்டிடுவா.

குறைக்கிறது இப்படி, டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு: மேல் பாலை, அதாவது மார்புக்கு அப்புறம் குடுக்கிற அந்த 25 மில்லியை, ஒரு தடவைக்கு 5 மில்லி குறைங்க, ரெண்டு நாள் விடுங்க, எடை பாருங்க. நாளைக்கு 20-க்குக் குறையாம ஏறினா இன்னொரு 5. பவுடர் முதல்ல போகட்டும், உங்க பால் கடைசில. காலை வேளைல முதல்ல நிறுத்துங்க, அப்போ மார்புல பால் கூடுதல். சாயங்காலத்தைக் கடைசியா வெச்சுக்குங்க. பிடிப்பு சரியான பிறகும் சாயங்காலம் விட்டு விட்டுக் குடிச்சிட்டே இருப்பா, அது இந்த வயசுக் குழந்தைங்க வழக்கம். அதைப் பார்த்து மறுபடி அளவைக் கூட்டிடாதீங்க. 3-ஆம் வாரமும் 6-ஆம் வாரமும் ரெண்டு மூணு நாளைக்கு இதே மாதிரி இடைவிடாமக் கேட்பா.

ராத்திரி குழந்தைக்குக் குடுக்கிறதை விடாதீங்க. பால் எடுக்கிறதை ஒரு தடவை விடலாம், 2 மணியோடதை. படுத்தபடியே குடுங்க, மேல் பாலை அம்மா குடுக்கட்டும். நீங்க அடுத்த பாலுக்கு எழுப்பற வரைக்கும் தூங்குங்க.

எடை பார்த்தது அதே தராசுதானே?


செவ்வந்தி_27

அதே தராசுதான் அக்கா. டாக்டர் கிளினிக்கோடது. அடுத்தது 15-ஆம் நாள் காலைல.